வேண்டாம் என்று சொல்லாத ஆறு மாதம்

ஒரு பெண்ணுக்குப் போய்ச் சேர வேண்டிய வேலையை நான் ஆறு மாதம் என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எனக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படாது என்று முதல் நாளே தெரியும். ஆனாலும் வைத்திருந்தேன். அது செத்த பிறகுதான் கையை எடுத்தேன்.

இதுதான் என் குற்றம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் சொல்லக் கூடாது. அந்த ஆறு மாதமும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்! அவ்வளவு நிமிர்ந்து நான் வேறு எப்போதும் நடந்ததில்லை. இதை எழுதும்போதும் உள்ளே எங்கோ ஒரு மேளம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை அடக்கிவிட்டு எழுதலாம் என்று நாலு முறை உட்கார்ந்தேன். அடங்கவில்லை… மேளத்தோடேயே கேளுங்கள்.

நான் இயற்பியல் பேராசிரியர். முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலைப் பார்த்து நிற்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஒளியியல் நடத்துகிறேன். பிறந்தது மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு காலனியில். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா முதலில் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனார். ஜி.எஸ்.டி. சாலையோரம் கல்லூரிகள் முளைக்கத் தொடங்கியபோது கான்கிரீட் வேலைக்குப் போனார். நெல் விளைந்த இடத்தில் பொறியியல் விளைந்தது. இரண்டையும் நைனாதான் சுமந்தார்.

வேண்டாம்… எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லியிராத சொல் அது. எங்களிடம் மட்டுமே சொல்லப்பட்ட சொல். இன்றைக்கு ஆள் வேண்டாம். அந்தப் பக்கம் வர வேண்டாம். இந்தத் தம்ளர் வேண்டாம். மூன்று தலைமுறையாக அந்தச் சொல் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒருமுறைகூட எங்கள் வாசலிலிருந்து கிளம்பிப் போனதில்லை.

அதை முதலில் அனுப்பியவன் நான்!

முனைவர் பட்டம் முடித்த சூட்டில் எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வு, நைனா கான்கிரீட் கொட்டிய கல்லூரியிலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு காலியிடத்துக்கு, மடியில் சான்றிதழ் ஃபைலை வைத்துக்கொண்டு ஒரு வராந்தா நிறைய ஆட்கள். எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி: என்னை எடுத்துக்கொள்வார்களா?

எனக்கு மட்டும் ஏனோ வேறொரு கேள்வி வந்தது. இவர்களை நான் எடுத்துக்கொள்ளலாமா?

எழுந்து வெளியே போனேன். கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் இரண்டு ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் என் டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், இன்டர்வியூவா?"

"ஆமாண்ணே. சம்பளம்லாம் ஒழுங்கா வருதா இங்க?"

"வரும்போது வரும். தீபாவளிக்கு வர வேண்டியது பொங்கலுக்கு வந்துச்சின்னு வெச்சிக்கோ… அதுக்குப் பேரு இங்க பொங்கல் போனஸு."

இன்னொருவர் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். "அண்ணாத்த, எது குட்த்தாலும் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட மட்டும் குட்த்துடாத. உள்ள போன ஒரிஜினலு வெளிய வந்து நான் பாத்ததே இல்ல. அப்பறம் நீ அத்தத் தேடிக்கினே ரிட்டேரு ஆயிடுவ."

அன்று கற்றேன். கல்லூரியின் உண்மை, முதல்வர் அறையில் இருப்பதில்லை. பேருந்துகள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து, கடைசியாக யாரோ எடுத்துப்போன தேதி முத்திரையைப் பார்த்தேன், மை வெளிறியிருந்தது. ஆசிரியர் அறை மேஜையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு பெயர். அதற்கடியில் இன்னொன்று… ஒரு மேஜையில் ஐந்து பேரின் பெயர், வெங்காயத் தோல்போல!

உள்ளே அழைத்தார்கள். பலகையில் அலை வரைந்து பாடம் நடத்திக் காட்டினேன். தாளாளர் தலையசைத்தார்.

"குட். ஒரிஜினல்ஸ் கொண்டுவந்திருக்கீங்கல்ல? ஆபீஸ்ல குடுத்துட்டு நாளைக்கே ஜாயின் பண்ணிக்கங்க."

"எனக்கும் சில கேள்விகள் இருக்கு சார். இந்த இடத்துல முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?"

"கேள்வி நாங்கதான் கேப்போம் தம்பி."

"அப்படின்னா வேண்டாம் சார்."

என் தலைக்கு மேலே இருந்த கூரை என் அப்பா போட்டது. அதன் கீழே நின்று நான் வேண்டாம் என்றேன். நீங்கள் இந்தச் சுகத்தை அனுபவித்திருக்கிறீர்களா? அனுபவித்திராவிட்டால் மேலே நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியாமல் போகலாம்…

வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"வோணாம்னு சொல்டியா? நீயா? அவங்ககிட்டயா?"

"ஆமா நைனா."

"அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சி? அத்த சொல்லு மொதல்ல!"

நடித்துக் காட்டினேன். நைனா தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலை கிடைக்காமல் வந்த மகனைப் பார்த்து ஒரு தகப்பன் அப்படிச் சிரித்து நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கடப்பாக்கம் வரை பேருந்தில் போய், வவ்வால் மீன் வாங்கி வந்தார். வழியெல்லாம் யார் கேட்டாலும், "எம்புள்ள காலேஜ வோணாம்னு சொல்ட்டான், அதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

அது எங்கள் வீட்டுப் பண்டிகை ஆனது. நான் ஓர் இடத்தை மறுத்துவிட்டு வந்தால் அன்று மீன். அம்மா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்: வோணாம் மீனு. "இன்னிக்கி இன்டர்வியூக்குப் போறியா? பாத்து வோணாம்னு சொல்ட்டு வா, புளி கரைச்சி வெக்கிறேன்" என்பாள்.

ஆறு இடங்களை மறுத்தேன். ஆறு முறை மீன். அவற்றுக்காக நான் வருந்தவில்லை. யாரும் என்னை வருந்த வைக்கவும் முடியாது. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் அவை. ஆய்வு அதிகாரிகள் வரும் நாளுக்கு மட்டும் வெளியாட்களை ஆசிரியர்களாக உட்காரவைக்கும் இடங்கள். நியாயமாகத்தான் மறுத்தேன்! என்னைப் பற்றிய பேச்சு பரவியது. எங்கெங்கோ இருந்து இளைஞர்கள் போனில் கேட்டார்கள்: அண்ணே, இந்தக் காலேஜுக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க? நூற்றுக்கு இவ்வளவு என்று நான் சொன்னதை நம்பிச் சேர்ந்தவர்கள் உண்டு. தப்பித்தவர்கள் அதைவிட அதிகம்.

ஏழாவதாக வந்ததுதான் இந்தக் கடலோரப் பல்கலைக்கழகம். தேர்வுக் குழுவில் அப்போதைய துறைத் தலைவி இருந்தார். நரைத்த தலை, கையில் வெள்ளைப் பலகை மை. நான் கேள்வியைத் தொடங்குவதற்கு முன்பே அவர் சொன்னார்:

"ஒண்ணு சொல்லிடறேன். பெருமழை வந்தா கீழ்த்தள ஆய்வகத்துல தண்ணி ஏறும். லேசர் மேசைய ரெண்டு தடவை மாடிக்குத் தூக்கியிருக்கோம். உப்புக் காத்துல கருவியெல்லாம் துருப் பிடிக்கும். முன்னாடி இருந்தவர் அதனாலதான் போனார். யோசிச்சுச் சொல்லுங்க."

கேட்காமலே தன் குறையைச் சொன்ன முதல் இடம்! அந்த நிமிடமே தொண்ணூறு மார்க் போட்டேன். சேர்ந்தேன். அன்றிலிருந்து அதையே விதியாக வைத்துக்கொண்டேன்: தன் குறையைத் தானே முன்வந்து சொல்லும் இடத்தை நம்பு. எத்தனையோ பேருக்கு இந்த விதியைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம்… இருக்கட்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலும் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் பிரிவினருக்கு ஒதுக்கப்பட்டு, நெடுநாள் நிரப்பாமல் கிடந்த ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம். குழுவில் ஒருவர் என் ஆய்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"வீடு ஊருக்குள்ளயா… வெளியிலயா?"

அந்தக் கேள்வி உங்களுக்குப் புரிகிறதல்லவா?

"வெளியில சார். காத்து நல்லா வரும்" என்றேன்.

யாரோ இருமினார்கள். அந்தப் பதிலை இன்றும் நான் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்ப்பதுண்டு. நல்ல பதில்! ஆனால் அது போதவில்லை. அந்த இடத்தின் மீது ஒரு கறுவல் உள்ளே தங்கிவிட்டது.

கடலோரத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆனபோது அந்த அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து நியமன ஆணை வந்தது. தர வரிசையில் நான் முதல். ஒருவர் அப்படிக் கேட்டாலும், அந்தக் குழுவின் மற்றவர்கள் என்னை முதலில் வைத்திருந்தார்கள் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண விரும்பவில்லை என்பதே சரி. ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும் என்றது ஆணை.

எனக்குப் போக எண்ணமில்லை. லேசர் மேசை என் கைக்கு வந்துவிட்டது. காலையில் அலைகளைப் பார்த்துவிட்டு வகுப்பில் அலைகளை நடத்துகிறேன். மாணவர்கள் என் பின்னால் வராந்தா வரை கேள்வி கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இதை விட்டு எதற்குப் போக வேண்டும்?

அப்படியானால் வேண்டாம் என்று எழுதிப் போட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே!

எழுதவில்லை… கால அவகாசம் கேட்டு எழுதினேன். இப்போதைய நிறுவனத்திலிருந்து விடுவிப்புப் பெற வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். இரண்டாவது கடிதத்தில் நைனாவின் முழங்காலைக் காரணமாகச் சொன்னேன். நைனா அப்போது தினமும் மாமரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அதற்கும் கொடுத்தார்கள்.

செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவி கோமதிக்கு இது பிடிக்கவில்லை. பணிக்குக் கிளம்பும் அவசரத்தில், தலையில் கொண்டை ஊசி குத்திக்கொண்டே கேட்டாள்:

"வோணாம்னா வோணாம்னு எழுதிப் போடேன்யா. எதுக்கு அத்தப் புடிச்சிக்கினு கீற? பஸ்ஸுல துண்டு போட்டு வெச்சிட்டு எறங்கிப் போன ஆளு மாரி!"

"உனக்குப் புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்? நின்னுகினு வர்றவங்களுக்குப் புரியும்."

இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு நாள் போன் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் நியமனப் பிரிவு எழுத்தர். தணிந்த குரல்.

"சார், சேர்றீங்களா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா ஃபைல நகத்திடுவேன். இந்த லிஸ்ட்டுக்கு ஆறு மாசம்தான் சார் ஆயுசு. அதுக்குள்ள யாரும் சேரலன்னா போஸ்ட்டே போயிடும்."

"எனக்கு அடுத்து யார்?"

"சொல்லக் கூடாது… உங்க பக்கத்து ஆளுதான் சார். அச்சரப்பாக்கம். எஸ்தர்னு ஒரு அம்மா. பதினஞ்சு நாளைக்கொரு தடவ வந்து நிக்கிறாங்க. சண்ட கிண்ட ஒண்ணும் இல்ல. ஃபைல் எந்த மேஜைல இருக்குன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடுவாங்க."

எஸ்தர்.

எனக்குத் தெரிந்த எஸ்தர்! நான் படித்த கல்லூரியில் மூன்று ஆண்டு இளையவள். என் ஒளியியல் குறிப்பேடுகளை வாங்கிப் போய், அட்டை போட்டுத் திருப்பித் தந்தவள். அவள் அப்பாவும் பிறர் வயலில் நின்றவர்தான். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டம் முடித்தாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

எழுத்தரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எனக்கு மிகப் பிடித்த சொல்…

"யோசிச்சு எழுதறேன் சார்" என்றேன்.

அன்று மாலையே, ஆசிரியர் அறையில், கேன்டீன் பஜ்ஜியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கடிதத்தை எழுதினேன். ஆய்வுத் திட்டம் ஒன்று முடிய வேண்டியிருக்கிறது. மேலும் இரண்டு மாதம் வேண்டும். இரண்டு மாதத்தில் பட்டியல் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தேதியைப் போட்டேன். எண்ணெய்க் கறை பட்டுவிடக் கூடாது என்று கவனமாக மடித்தேன்.

ஏன்? ஏன்? நானும் இத்தனை ஆண்டாக என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எஸ்தர்மீது பகையா? இல்லவே இல்லை. அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்றா? அப்படியும் இல்லை. அவளை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். அவள் அந்த அலுவலகத்தில் மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு நிற்பது கண்முன் வந்தது.

ஆனால் பாருங்கள்… ஒரு பல்கலைக்கழகம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது! வருகிறீர்களா, வருகிறீர்களா என்று அரசு முத்திரையோடு கேட்டுக்கொண்டிருந்தது. வீடு ஊருக்கு வெளியிலா என்று கேட்ட இடம், என் வாசலில் நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்ன கணத்தில் அது திரும்பிப் போய்விடும். மற்ற இடங்களில் மறுப்பின் சுகம் ஒரு நாள், ஒரு மீன். இங்கே மறுக்காமல் இருப்பதில் ஆறு மாதச் சுகம்! காலையில் எழும்போதே அது இருக்கும். முட்டுக்காட்டுப் பாலத்தில் பேருந்து ஏறும்போது, உப்பங்கழிக் காற்று முகத்தில் அடிக்கும்போது, நிற்கட்டும், இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று மனசு பாடும். அந்தப் பாட்டை நிறுத்த எனக்குக் கைவரவில்லை.

தண்டனை கொடுக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். யாருக்குத் தண்டனை? அந்தக் கேள்வியைக் கேட்டவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆளே அல்ல. ஒரு நாளைக்கு அழைக்கப்பட்டு வந்த வெளி நிபுணர்; அன்றே படிக்காசு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். இதைப் பின்னால்தான் அறிந்தேன். நான் நிற்க வைத்ததாக நினைத்தவர் அங்கே இல்லவே இல்லை. நின்றவள் எஸ்தர் ஒருத்திதான்.

ஆறு மாதம் முடிந்தது. நியமன ஆணை ரத்து, பட்டியல் காலாவதி என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. அந்தப் பணியிடத்தை அவர்கள் மறுபடி நிரப்பவில்லை. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் தற்காலிக ஆட்களை வைத்து ஓட்டுகிறார்கள்.

கடிதம் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா?

மீன் வாங்கினேன்.

நைனா தட்டைத் தட்டிக்கொண்டு ஆடினார். "சர்க்காரு யூனிவர்சிட்டியவே ஆறு மாசம் நிக்க வெச்சான் எம்புள்ள! கலெக்டரு கூட நிக்க வெக்க மாட்டான்!" அம்மா நடு முள் நீக்கிய துண்டை எனக்கு வைத்தாள். கோமதி மட்டும், "நல்ல வேள, முடிஞ்சிது பேஜாரு" என்றாள். எஸ்தரைப் பற்றி அவளுக்கு நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. மீன் ருசியாக இருந்தது. ருசியாக இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ருசியாகத்தான் இருந்தது!

மூன்று ஆண்டு கழித்து, செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், நடைமேடைக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

"அண்ணே! ஆப்டிக்ஸ் நோட்ஸ் அண்ணே!"

தோளில் பெரிய பை, கையில் டிபன் கூடை, எஸ்தர். இரண்டு கல்லூரிகளில் மணிக்கணக்கு ஊதியத்துக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பேச்சுக்குப் பேச்சு சிரித்தாள். பர்மனென்ட் எதுவும் அமையவில்லையா என்று நான் கேட்டேன். நான் கேட்டேன், பாருங்கள்!

"ஒண்ணு கைக்கு வந்துச்சி அண்ணே. லிஸ்ட்ல ரெண்டாவது நானு. மொத ஆளு சேரவும் இல்ல, வுடவும் இல்ல. ஆறு மாசம்! நம்பரு மட்டும்தான் போட்டிருந்தாங்க, ஆளு யாருன்னு தெரியாது."

"திட்டினியா?"

"திட்டாம? தெனமும் ஜெபத்துல உக்காந்துகினு திட்டுவேன். பாஸ்டரம்மாவே, யாரும்மா அந்தப் பாவின்னு கேட்டாங்கன்னா பாத்துக்கங்களேன்." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பறம் ஒரு நாளு யோசிச்சேன். நம்ம கோட்டாதானே? அப்ப அவனும் நம்ம ஆளுதான். அத்தினி பெரிய எடத்த ஒருத்தன் ஆறு மாசம் வாசல்ல நிக்க வெச்சிக்கிறான்னா… எனக்கே கொஞ்சம் கெத்தாத்தான் இருந்துச்சி அண்ணே. எங்கப்பா ஒரு நாளு கூட யாரயும் நிக்க வெச்சதில்ல. எங்கயோ நல்லா இருக்கட்டும் போ, இன்னும் பெரிய எடமா கெடச்சிருக்கும்."

நீங்கள் சொல்லுங்கள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் வெற்றியில் பங்குக்கு வந்தாள்! என் குடும்பம் கொண்டாடியதை, பசித்த வயிற்றோடு அவளும் கொண்டாடியிருக்கிறாள். எனக்குள் ஒரு கணம்… ஒரே ஒரு கணம்… பெருமிதம் பொங்கியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் துடிக்கவில்லை, பாராட்டை வாங்கிக்கொள்ளத் துடித்தது.

"வண்டி வருது பாரு" என்றேன்.

நான் அன்று செய்த ஒப்புதல் வாக்குமூலம் அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு நான் துறைத் தலைவரானேன். ஓர் ஒப்பந்தப் பணியிடம் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய இடம். எஸ்தரை விண்ணப்பிக்கச் சொன்னேன். அவள் நடத்திக் காட்டிய பாடத்தைக் கேட்டுக் குழுவில் இருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒளி ஏன் வளைகிறது என்பதை, சேற்றில் ஒரு சக்கரம் மாட்டிக்கொண்ட டிராக்டரை வைத்துச் சொன்னாள். என்னைவிட நல்ல ஆசிரியை. என்னைவிட மிக நல்ல ஆசிரியை!

ஆணையைக் கையில் வாங்கியவள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஊருக்கெல்லாம் காலேஜுக்கு மார்க் போடுறீங்க. இந்த எடத்துக்கு நேர்மையாப் போடுங்க. இன்னா கொறைன்னு சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறுவதை, உப்புக் காற்றை, ஒப்பந்தம் நிரந்தரமாகும் என்று உறுதி இல்லை என்பதை, மாமல்லபுரம் பேருந்து மாலையில் கூட்டமாக வரும் என்பதை, மூத்தவர்களுக்குள் இருக்கும் சச்சரவுகளை… ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். இந்தத் துறையின் தலைவன் யார் என்பதைச் சொல்லவில்லை.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கொறைய இவ்ளோ வெளிப்படையாச் சொல்றீங்களே… அப்ப நல்ல எடம்தான் அண்ணே. சேந்துடறேன்."

என் விதியை எனக்கே படித்துக் காட்டினாள்! என் விதியே என்னைக் காப்பாற்றிவிட்டது. இதைவிடச் சாமர்த்தியமாக ஒருவன் தப்பிக்க முடியுமா?

இப்போது எங்கள் துறை செழித்திருக்கிறது, பொய் இல்லை. எஸ்தர் வந்த பிறகு இயற்பியலை முதல் விருப்பமாக எழுதும் மாணவர்கள் கூடிவிட்டார்கள். மழைக்கு முன்பே லேசர் மேசையை மாடியில் ஏற்றிவிட்டோம், அவள்தான் நின்று ஏற்றினாள். ஒவ்வோர் ஆண்டும் அவள் ஒப்பந்தம் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் நான் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போடுகிறேன். போடும்போது ஒரு கொடையாளியின் மிதப்பு வருகிறது எனக்கு! காலமெல்லாம் அவளுடையதாக இருந்திருக்க வேண்டியதை, பன்னிரண்டு மாதத் துண்டுகளாக நறுக்கி, நான் கொடுப்பதுபோல் கொடுக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்கிறாள்.

போன மாதம் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்த அவளைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். ஒலிவாங்கியில் சொன்னாள்: "எங்கள மாதிரி ஆளுங்களுக்கு, ஒரு எடத்த எடை போட்டுப் பாக்கக் கத்துக் குடுத்தவர் எங்க அண்ணன்." அரங்கம் தட்டியது. முன் வரிசையில் நைனா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். நானும் சிரித்தேன். தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன், அவளுக்கு எட்ட வேண்டும் அல்லவா?

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். அவளுக்கு வேறு இடம் இல்லை. ஆகவே அவள் நன்மைக்காகவே சொல்லாமலிருக்கிறேன் என்று ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். நல்ல நியாயம். அதற்கு நானே மார்க் போட்டால் எவ்வளவு போடுவேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. உங்களுக்கு அந்த உரிமை இல்லை. உரிமை உள்ளவள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் தட்டச்சு செய்யும் இந்த நேரத்திலும் அவள் குரல் கேட்கிறது. மாணவர்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். எஸ்தர் என்பது அவள் பெயர் அல்ல. பெயரை மாற்றிவிட்டேன். அவளுக்காக என்று நினைத்துத்தான் மாற்றத் தொடங்கினேன்…

வகுப்பு முடிந்துவிட்டது. நாற்காலிகள் நகர்கின்றன. செருப்புச் சத்தம் என் கதவருகே வந்து நிற்கிறது.

"அண்ணே, டீக்கு வரீங்களா?"

"இதோ வரேம்மா."